மலை நூல்களை வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலையேற்ற அனுபவ நூல்களையும், மலையில் வாழும் செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றிய நூல்களையும் புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே அவற்றைத் தொகுத்து ஒரே இடத்தில் விடை எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சர்ச்சைக்குரியவை பின்னால் வருகின்றன.

நான் பனிமலையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இந்தப் புத்தகங்கள் எனக்குப் புரியுமா?

புரியும். இவை தொடக்கத்திலிருந்தே மலையேறாதவர்களுக்காக எழுதப்பட்டவைதாம். பெரிய மலைப் பயணங்களுக்கான செலவின் ஒரு பகுதி, பயணக் கதையை நாளிதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் விற்றுத்தான் ஈடுசெய்யப்பட்டது. 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணச் செய்தியின் உரிமையை லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் முன்கூட்டியே பெற்று, தன் செய்தியாளர் ஒருவரையும் குழுவுடன் அனுப்பியிருந்தது. வெற்றிச் செய்தியைப் பிறர் திருடிவிடக் கூடாதென்று அவர் அதைச் சங்கேத வாசகமாக்கி அனுப்பினார். வாசகரை மனத்தில் வைத்தே பயணம் திட்டமிடப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாசகரிடம் எதிர்பார்க்கப்படுவது சிறிய பயிற்சிதான். முன்பக்கத்து வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டு படியுங்கள். ஒவ்வொரு முகாமும் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எந்த மாதம், சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்ற மூன்றையும் கவனித்து வந்தால், நூலில் நிகழும் பாதிக்கு மேற்பட்டவை ஏன் நிகழ்கின்றன என்பது தானாகவே விளங்கும்.

சாகச நூல் வேறு, இயற்கை நூல் வேறு இல்லையா? இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

அவை தோன்றியபோது சேர்ந்தேதான் இருந்தன. 1802ஆம் ஆண்டு அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட், இன்றைய ஈக்வடாரில் உள்ள சிம்பொராசோ என்னும் 6,263 மீட்டர் எரிமலையில் ஏறினார். அக்காலத்தில் உலகிலேயே உயரமான மலையாக அது கருதப்பட்டது. உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே ஒரு பெரும்பிளவு வழிமறிக்க, அவர் திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் அந்தப் பயணத்தின் விளைவாக அவர் வெளியிட்ட படம், மலையின் குறுக்குவெட்டில் எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று பெயர் எழுதிக் காட்டியது. மலையில் ஏறுவது பூமத்திய ரேகையிலிருந்து துருவத்தை நோக்கிப் பயணம் செய்வதற்கு ஒப்பானது என்பதை ஒரே தாளில் கண்ணால் பார்க்க முடிந்தது. உச்சியை எட்டாத ஓர் ஏற்றம்தான் தாவரப் புவியியல் என்னும் துறைக்கே அடித்தளமிட்டது.

1924ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவிலும் ஹிங்ஸ்டன் என்னும் மருத்துவர் இயற்கை ஆய்வாளராக இருந்தார். பின்னாளில் நாடுகளுக்கிடையே சிகரப் போட்டி மூண்டபோதுதான் பூச்சியும் பூவும் பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டன. என் பார்வையில் அது நூல்களுக்கு நேர்ந்த இழப்பு. மலையேற்றக் கதையில் முடிவெடுப்பவை காற்றும் பனியும் குளிருமே. அவற்றை அலங்காரமாக மட்டும் படித்தால் கதையின் காரணகாரியமே கைநழுவிவிடும்.

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

பேரழிவு நூல்களிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். ஒரே இரவில் பலர் இறந்த கதையை முதலில் படிப்பவருக்குப் பிறகு எல்லா மலையும் கல்லறையாகவே தோன்றும். காடும் விலங்கும் பழக்கமானவர்கள் ஜிம் கார்பெட்டின் குமாயுன் நூல்களிலிருந்து தொடங்கலாம். அவை 1944 முதல் வெளிவந்தவை, தமிழிலும் கிடைப்பவை. பனிச் சிகரங்கள் அவற்றில் தொலைவில்தான் தெரியும். ஆனால் காலடித் தடம், பறவையின் எச்சரிக்கைக் குரல், காற்று வீசும் திசை ஆகியவற்றைக் கொண்டு ஒரு மலைச்சரிவை எப்படிப் படிப்பது என்பதை அவரைவிடப் பொறுமையாகச் சொல்லித்தருபவர் அரிது.

மெதுவான நடை பிடிக்குமென்றால், ஸ்காட்லாந்தின் கேர்ன்கோர்ம் மலைகளைப் பற்றி நேன் ஷெப்பர்ட் எழுதிய ‘உயிருள்ள மலை’ என்னும் சிறு நூலைத் தேடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்திருந்து, 1977இல்தான் அவர் அதை அச்சுக்குக் கொடுத்தார். உச்சியை அடைவதைவிட மலைக்குள் நடப்பதையே அவர் பெரிதாக எண்ணுகிறார். நீர், ஒளி, பாறை, தூக்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். நூலில் கதை என்று எதுவும் கிடையாது. முதல் நூலாகவே இதைப் படித்துச் சலித்துப்போனவர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்கிறார்கள். ‘மரண மண்டலம்’ என்பது அதுதானா?

ஆக்சிஜன் இல்லாமல் போவதில்லை. காற்றில் அதன் பங்கு கடல்மட்டத்திலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஏறக்குறைய 21 விழுக்காடுதான். மாறுவது காற்றழுத்தம். 8,848.86 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், அதே அளவு காற்றை உள்ளிழுத்தாலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஏறத்தாழ 8,000 மீட்டருக்கு மேல் உடல் எவ்வளவு நாள் தங்கினாலும் பழகிக்கொள்வதில்லை. பசி அற்றுப்போகிறது, தூக்கம் கலைகிறது, தசை கரைகிறது, சிந்தனை மந்தமாகிறது. அந்தப் பகுதியைத்தான் மரண மண்டலம் என்கிறார்கள். அந்த உயரத்தைத் தாண்டும் சிகரங்கள் உலகில் 14 உள்ளன.

சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியில் மனிதர் உயிரோடு இருக்க முடியுமா என்பதே நெடுங்காலம் ஐயமாக இருந்தது. 1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபெலரும் ஏறித் திரும்பியபோதுதான் அந்த ஐயம் தீர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு, குறிப்பாக யாருடைய நினைவை நம்புவது என்னும் கேள்விக்கு, விடை இங்கேதான் தொடங்குகிறது.

ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், மறுபடி அதே இடத்துக்கு ஏறுகிறார்கள். பாதிப் புத்தகம் இப்படியே போகிறதே, ஒரேயடியாக ஏறிவிட்டால் என்ன?

ஒரேயடியாக ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து இறந்துபோக நேரலாம். உடல் தன் மூச்சு வேகத்தைக் கூட்டிக்கொள்ளவும், சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளவும் நாட்களும் வாரங்களும் ஆகின்றன. அதனால் பகலில் உயரே சென்று இரவில் தாழ்வான இடத்தில் உறங்குவது மலையேறிகளின் வழக்கம். கூடவே சுமையும் ஏற வேண்டும். 1953ஆம் ஆண்டுக் குழு 350க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகளை அமர்த்தியது. அடுத்தடுத்த முகாம்களுக்குப் பொருளை மேலே நகர்த்துவதுதான் அத்தகைய பயணத்தின் பெரும்பகுதி.

இதற்கு நேர் எதிரான முறையும் உண்டு. வேண்டியதை முதுகிலேயே சுமந்துகொண்டு, நிலையான முகாம்களோ முன்கூட்டிக் கட்டிய கயிறுகளோ இல்லாமல் சிறு குழுவாக ஏறி இறங்குவதை ஆல்ப்ஸ் பாணி என்பார்கள். 1975இல் மெஸ்னரும் ஹேபெலரும் முதலாம் காஷர்ப்ரும் சிகரத்தில் இருவராக அப்படி ஏறிக் காட்டினர். அந்தப் பாணி நூல்கள் விறுவிறுப்பாக இருப்பதற்குக் காரணம், அவற்றில் திரும்ப ஏறும் அத்தியாயங்கள் குறைவு என்பதே.

எல்லா நூலிலும் நள்ளிரவில்தான் கிளம்புகிறார்கள். இருட்டில் ஏறுவது ஆபத்து இல்லையா?

வெயிலில் ஏறுவது அதைவிட ஆபத்து. இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும். ஆணிக் காலணி அதில் கவ்விப் பிடிக்கும். தளர்ந்த கற்களும் உறைந்து ஒட்டிக்கிடக்கும். சூரியன் பட்டதும் கல் உருளத் தொடங்கும், பனி இளகும், பிற்பகலில் முகில் திரளும். ஆகவே விடிகாலையில் உச்சியருகே இருந்து, நண்பகலை ஒட்டி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கணக்கு. இன்ன நேரத்துக்குள் உச்சியை எட்டாவிட்டால் எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் குறிப்பதும் இதனால்தான். எவரெஸ்டில் எட்டுப் பேர் இறந்த 1996 மே 10, 11 நிகழ்வுகளைப் பற்றிய எல்லா நூல்களும் ஒரு கேள்வியைச் சுற்றியே வருகின்றன. பிற்பகல் 2 மணிக்குப் பின்னும் பலர் ஏன் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பதே அது.

மே மாதம் திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் உண்டு. குளிர்காலம் முழுவதும் இமயத்தின் உச்சிகளை அறைந்துகொண்டிருக்கும் உயர்வளிக் காற்றோட்டம் (ஜெட் ஸ்ட்ரீம்), பருவமழைக்கு முன் வடக்கே விலகும் சில நாட்களில்தான் காற்று அடங்குகிறது.

பனியாறு, செராக், கார்னிஸ், மொரேய்ன் என்று வருகிறதே, எல்லாம் பனிதானே?

முதல் மூன்றும் ஒரே பொருள்தான், நடந்துகொள்ளும் விதம் வேறு. பனியாறு என்பது மெதுவாக ஓடும் பனிக்கட்டி. அது மேடுபள்ளத்தின் மீது வளையும்போது மேற்பரப்பு வெடித்துப் பிளவுகள் உண்டாகின்றன. புதிதாகப் பெய்த பனி அந்தப் பிளவின் வாயை மூடி மெல்லிய பாலமாகிவிடுவதால், தெரியாமல் கால் வைப்பவர் உள்ளே விழுவார். மலையேறிகள் ஒருவரோடொருவர் கயிற்றால் கட்டிக்கொள்வதற்கு இதுவே முதற்காரணம். செங்குத்தான இடத்தில் பனியாறு உடைந்து கோபுரங்களாக நிற்பது செராக். அது எப்போது சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. எவரெஸ்டுக்குத் தெற்கிலுள்ள கும்பு பனி அருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நகர்வதால், இன்று கட்டிய ஏணி நாளை கோணலாக நிற்கும்.

முகட்டின் ஓரத்தில் காற்று குவித்துத் தள்ளி அந்தரத்தில் நீண்டிருக்கும் பனி விளிம்புதான் கார்னிஸ். மேலிருந்து பார்ப்பவருக்கு அது திடமான தரையாகவே தெரியும். நங்க பர்வதத்தில் முதன்முதலில், அதுவும் தனியாக, ஏறிய ஹெர்மன் பூல் 1957இல் சோகோலீசா மலையில் அத்தகைய விளிம்பு உடைந்து விழுந்துதான் இறந்தார். மொரேய்ன் என்பது பனியாறு அரைத்துக் கொண்டுவந்து ஒதுக்கிய கற்குவியல். அதில் நடப்பது பெரிய ஆபத்தில்லை, எரிச்சல்தான். அந்த எரிச்சலை எழுத்தாளர்கள் யாரும் மறைப்பதில்லை.

அத்தனை உயரத்தில் உயிர் ஏதாவது இருக்கிறதா, எல்லாம் வெறும் கல்லும் பனியும்தானா?

இருக்கின்றன. மலை நூல்களில் நான் மிகவும் விரும்பிப் படிக்கும் பகுதிகளும் இவையே. மேலே குறிப்பிட்ட ஹிங்ஸ்டன் எவரெஸ்ட் சரிவுகளில் கற்களைப் புரட்டிப் பார்த்தபோது, செடி என்று எதுவுமே முளைக்காத உயரத்தில் கறுப்பு நிறச் சிறு தாவும் சிலந்திகள் இருந்தன. 6,700 மீட்டர் வரை அவை வாழ்வதாகப் பதிவாகியிருக்கிறது. புல்லே இல்லாத இடத்தில் பூச்சி எப்படி, பூச்சி இல்லாத இடத்தில் சிலந்தி எப்படி? தாழ்வான பள்ளத்தாக்குகளிலிருந்து காற்று அடித்துக்கொண்டு வரும் மகரந்தமும் மட்கிய துகள்களும் கல்லிடுக்குகளில் சேர்கின்றன. அவற்றைத் தின்னும் நுண்பூச்சிகளையும், காற்றோடு வந்து விழும் ஈக்களையும் சிலந்தி தின்கிறது. கல்லின் வெயில் படும் பக்கம் பகலில் சுற்றுப்புறத்தைவிட வெகுவாகச் சூடேறுவது அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

செடிகளிலும் வியப்புக்குக் குறைவில்லை. கிழக்கு இமயத்தில் 4,000 மீட்டருக்கு மேல் தனித்து நிற்கும் ஒருவகை ரூபார்ப் செடி, ஆளுயரத்துக்கு வளர்ந்து, வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவும் இலைகளைக் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துத் தன் பூக்களை மூடிக்கொள்கிறது. ஒளியும் வெப்பமும் உள்ளே வருகின்றன, கடுமையான புற ஊதாக் கதிர் பெருமளவு தடுக்கப்படுகிறது, மழை பூவைத் தொடுவதில்லை. 1840களின் இறுதியில் சிக்கிமில் தாவரம் சேகரித்த ஜோசப் ஹூக்கர், பாறைச் சரிவுகளில் இதைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டதாக எழுதுகிறார். கோடையில் பனிப்பரப்பு இளஞ்சிவப்பாக மாறுவதும் ஓர் உயிரின் வேலைதான். பனியில் வாழும் நுண்பாசி, வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது.

பறவைகளைப் பற்றிய செய்திகளைமட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள். 8,000 மீட்டரையும் தாண்டி மலைக் காக்கைகள் முகாம்களைத் தேடி வந்ததை எவரெஸ்ட் குழுவினர் பலர் நேரில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பட்டைத்தலை வாத்துகள் எவரெஸ்ட் உச்சிக்கு மேலாகப் பறப்பதாக ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி வந்த கதை, கருவி பொருத்திக் கண்காணித்தபோது உறுதிப்படவில்லை. பதிவான அதிக உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலும் அவை கணவாய்களின் தரையை ஒட்டி, காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் கடக்கின்றன.

பனிச்சிறுத்தையைப் பற்றிய புகழ்பெற்ற புத்தகத்தில் பனிச்சிறுத்தையே வரவில்லையாமே. ஏமாற்றமாக இருக்காதா?

பீட்டர் மத்தீசன் 1978இல் வெளியிட்ட நூலைக் கேட்கிறீர்கள். 1973 இலையுதிர் காலத்தில் அவர், விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலருடன் நேபாளத்தின் டோல்போ பகுதிக்கு நடந்து சென்றார். ஷாலரின் நோக்கம் பரல் என்னும் நீல ஆட்டின் இனச்சேர்க்கைக் காலத்தைக் கவனித்து, அது செம்மறியா வெள்ளாடா என்னும் வகைப்பாட்டுச் சிக்கலைத் தீர்ப்பது. மத்தீசன் அதற்கு முந்தைய ஆண்டு மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், ஜென் பௌத்தப் பயிற்சியில் இருந்தவர். அவர் சிறுத்தையின் தடத்தைப் பார்க்கிறார், எச்சத்தைப் பார்க்கிறார், சிறுத்தையை மட்டும் பார்க்கவில்லை.

எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. மலைவிலங்குகளைத் தேடிப் போகிறவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் அதுதான். சாம்பல் பாறையோடு சாம்பலாகப் படுத்திருக்கும், அந்தியிலும் விடியலிலும் நடமாடும் விலங்கு அது. அதே பயணத்தின் களச் செய்திகளை ஷாலர் 1980இல் எழுதிய நூலில் காணலாம். ஒருவர் தன் மனத்தையும் மற்றவர் ஆட்டின் கொம்பையும் குறித்துக்கொண்டே நடந்த அந்த ஒரே பாதையை இரு நூல்களிலும் அடுத்தடுத்து வாசிப்பது நல்ல அனுபவம்.

எட்டி என்னும் பனிமனிதன் பற்றி இவ்வளவு பெரிய மலையேறிகளே எழுதியிருக்கிறார்களே, பொய்யா சொல்வார்கள்?

பொய் சொல்ல வேண்டியதில்லை, பார்த்ததைத் தவறாக விளங்கிக்கொண்டாலே போதும். 1951இல் எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் பனிக்கோடரியை அருகில் வைத்து எடுத்த காலடிப் படம்தான் அந்தப் பரபரப்பின் ஊற்று. பனியில் பதிந்த தடம் வெயிலில் உருகி அகலும். இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகிவிடும். எட்டியுடையவை என்று பாதுகாக்கப்பட்ட ஒன்பது மாதிரிகளை 2017இல் மரபணுச் சோதனை செய்தபோது, எட்டு கரடிகளுடையவை, ஒன்று நாயினுடையது. எனினும் அந்த அத்தியாயங்களைத் தாண்டிப் போக வேண்டாம். ஷெர்பா மக்களின் கதைமரபில் எட்டிக்கு ஓர் இடமுண்டு. அதை விலங்கியலாக்க முயன்றது வெளியிலிருந்து வந்தவர்களின் ஆர்வம்தான்.

இல்லாத ஒரு ஆள் கூடவே நடந்துவந்ததாக எழுதுகிறார்கள். இதை எப்படி நம்புவது?

அவர்களுக்கு அப்படித் தோன்றியது என்பதை நம்பலாம். 1933இல் பிராங்க் ஸ்மைத் எவரெஸ்டின் வடபுறத்தில் தனியாக, சிலிண்டர் இல்லாமல், 8,500 மீட்டருக்கு மேல் ஏறினார். நின்று, சட்டைப்பையிலிருந்த புதினா இனிப்புக் கட்டியை எடுத்து, இரண்டாக உடைத்து, ஒரு துண்டைத் தோழருக்கு நீட்டியபடி திரும்பினார். அங்கே யாரும் இல்லை. இறங்கும் வழியில் வானத்தில் கரிய உருவங்கள் துடிப்பதுபோல் மிதப்பதையும் கண்டார். அவை மாயை என்ற ஐயத்தில், வேறு பக்கம் பார்த்து மலைகளின் பெயர்களைச் சொல்லித் தன் மூளையைச் சோதித்துக்கொண்டார், மறுபடி பார்த்தபோதும் அவை அங்கேயே இருந்தன. ஆக்சிஜன் குறைவு, தனிமை, களைப்பு, உடலின் நீர் வற்றுதல் ஆகியவை சேர்ந்தால் மூளை இப்படி நடந்துகொள்வது வேறு பலருடைய பதிவுகளிலும் காணப்படுவதுதான். ஸ்மைத் அதை மறைக்காமல் எழுதியதால் மற்றச் செய்திகளிலும் அவர்மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

ஒரே சம்பவத்தை இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. யாரை நம்புவது?

ஸ்மைத்துக்கு நேர்ந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு இதற்கு வாருங்கள். 1996ஆம் ஆண்டு எவரெஸ்ட் நிகழ்வின்போது தானும் ஏறி அதைப் பற்றி எழுதிய ஜான் க்ராக்கவர், இறங்கும்போது முகாமருகே பேசிய ஆளை வழிகாட்டி ஒருவரென்றே முதலில் உறுதியாகச் சொன்னார். அந்த வழிகாட்டி பத்திரமாக முகாம் சேர்ந்துவிட்டார் என்றே எல்லோரும் நம்பினார்கள். பேசியது வேறொருவர் என்பது பின்னரே தெரிந்தது, வழிகாட்டி திரும்பவே இல்லை. அதே நிகழ்வில் தன்னைப் பற்றிய விமர்சனத்துக்கு விடையாக, இன்னொரு குழுவின் வழிகாட்டியான அனடோலி பூக்ரீவ் 1997இல் தன் தரப்பை நூலாக வெளியிட்டார். இரவுப் புயலில் தனியாகச் சென்று மூவரை மீட்டுவந்தவர் அவர். இருவரும் பொய்யர்கள் அல்லர். மலையின் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு அளவு ஆக்சிஜனோடு இருந்தவர்கள்.

ஆனால் எல்லா முரணும் நினைவுப் பிசகல்ல. 1950 ஜூன் 3 அன்று பிரெஞ்சுக் குழுவின் தலைவர் மோரிஸ் எர்சாக்கும் லூயி லாஷெனாலும் அன்னபூர்ணாவில் ஏறினர். 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரம் ஒன்றில் மனிதர் கால்வைத்தது அதுவே முதல்முறை. எர்சாக் கைவிரல்களையும் கால்விரல்களையும் கடுங்குளிரில் உறைந்து இழந்து, மருத்துவமனையில் படுத்தபடி சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. மற்ற உறுப்பினர்கள் ஐந்தாண்டு எதுவும் வெளியிடக் கூடாதென்று முன்பே கையெழுத்திட்டிருந்தார்கள். லாஷெனாலின் குறிப்பேடு அவர் இறந்தபின் வெட்டித் திருத்தப்பட்டு வந்தது, முழுவடிவம் 1996இல்தான் வெளியானது. நாட்டின் பெருமைக்காகத் தான் உச்சிக்குப் போகவில்லை, ஒரே கயிற்றில் இணைந்த தோழரைத் தனியே விட முடியாமல்தான் போனேன் என்பது அதில் அவர் சொல்லும் காரணம். பரவசம் ததும்பும் எர்சாக்கின் உச்சி அத்தியாயத்தை அதன்பின் பழையபடி படிக்க முடிவதில்லை.

உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2வுக்கு 1954ஆம் ஆண்டு இத்தாலியர் சென்ற பயணம் இன்னும் கசப்பானது. உச்சிக்குச் செல்பவர்களுக்கு ஆக்சிஜன் சுமந்துசென்ற வால்டர் பொனாட்டியும் ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மெஹ்தியும், முகாம் சொன்ன இடத்தில் இல்லாததால், 8,100 மீட்டரையொட்டிய உயரத்தில் கூடாரமின்றி இரவைக் கழித்தனர். மெஹ்தி கால்விரல்கள் அனைத்தையும் இழந்தார். அதிகாரபூர்வ நூல் வேறு கதை சொன்னது. பொனாட்டியின் தரப்பை இத்தாலிய மலையேற்ற மன்றம் ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. எனவே எந்த நூலைப் படித்தாலும், எழுதியவர் அப்போது எங்கே நின்றார், எத்தனை நாள் கழித்து எழுதினார், இந்தக் கதையால் அவருக்கு என்ன லாபம் அல்லது நட்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலைவரின் நூலைவிட, பேசாமல் இருந்தவரின் குறிப்பேடு பல சமயம் நம்பகமானது.

ஷெர்பாக்கள் எல்லாப் புத்தகத்திலும் வருகிறார்கள், ஆனால் பெயர்கூட இல்லாமல் வருகிறார்களே?

பழைய நூல்களின் பெருங்குறை அது. ஷெர்பா என்பது ஒரு தொழிலின் பெயரன்று, நேபாளத்தின் சோலுகும்பு உள்ளிட்ட பகுதிகளில் வாழும் ஒரு மக்களினம். சுமை தூக்குவது, கயிறு கட்டுவது, வழி திறப்பது, இறந்தவரை இறக்கிவருவது ஆகிய எல்லாவற்றையும் அவர்கள் செய்தும், நூல்களில் கூட்டமாகவே தோன்றினார்கள். 1922இல் எவரெஸ்டின் வடபுறத்தில் பனிச்சரிவில் இறந்த ஏழு பேரும் சுமை தூக்க வந்தவர்களே. 2014இல் கும்பு பனி அருவியில் ஒரே காலையில் இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்களே.

டென்சிங் நோர்கே எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்ல இன்னொருவர் எழுதி 1955இல் வந்த தன்வரலாற்றை அவசியம் படியுங்கள். 1953 மே 29 அன்று உச்சியில் முதலில் கால்வைத்தது ஹிலாரி, தான் ஓரடி பின்னால் என்று எந்தக் கசப்புமின்றி அதில் சொல்லிவிடுகிறார். ஊரெல்லாம் அதையே கேட்டுத் துளைத்ததுதான் அவரைப் புண்படுத்தியது. கே2வில் குளிர்காலத்தில் முதன்முதலில் ஏறிய பெருமை 2021 ஜனவரி 16 அன்று பத்து நேபாளியருக்குச் சேர்ந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, எல்லோரும் ஒன்றுகூடிச் சேர்ந்து நடந்தார்கள்.

பெண்கள் எழுதிய மலை நூல்கள் குறைவா?

எண்ணிக்கையில் குறைவு. முன்பே குறிப்பிட்ட ஷெப்பர்ட் தவிர, 1873இல் ராக்கி மலைகளில் குதிரையில் திரிந்த இசபெல்லா பேர்ட், 1978இல் பெண்கள் குழுவை அன்னபூர்ணாவுக்கு அழைத்துச் சென்ற ஆர்லின் புளூம் ஆகியோரின் நூல்களைப் பரிந்துரைப்பேன். புளூமின் குழு சட்டை விற்றுப் பணம் திரட்டியது, உச்சியைத் தொட்டது, இருவரை இழந்தது. தலைவராகத் தான் எடுத்த முடிவுகளைப் பற்றிய தயக்கங்களை அவர் மறைக்கவில்லை. எவரெஸ்டில் ஏறிய முதல் பெண்ணான ஜுன்கோ தாபெய், 1975 மே 16 அன்று உச்சியை அடைவதற்கு 12 நாட்களுக்கு முன்புதான் பனிச்சரிவில் புதைந்து மீட்கப்பட்டிருந்தார்.

கயிற்றை அறுத்துத் தோழனைக் கைவிட்டவர் குற்றவாளி இல்லையா?

1985இல் பெருவின் 6,344 மீட்டர் சியூலா கிராண்டே மலையில் நடந்தது இது. கால் முறிந்த ஜோ சிம்சனைச் சைமன் யேட்ஸ் கயிற்றில் கட்டிச் சரிவில் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டிருந்தார். இருட்டில், புயலில், சிம்சன் ஒரு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்க, அவருடைய முழு எடையும் யேட்ஸைத் தன் இருப்பிடத்திலிருந்து இழுக்கத் தொடங்கியது. குரல் எட்டவில்லை. அறுக்காவிட்டால் இருவரும் விழுவர் என்ற நிலையில்தான் அவர் அறுத்தார். பிளவுக்குள் விழுந்த சிம்சன் ஊர்ந்தே முகாம் சேர்ந்தார்.

யேட்ஸைப் பழியிலிருந்து காப்பாற்றுவதே தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டு 1988இல் அந்த நூலை எழுதியவர் சிம்சன்தான். விழுந்தவரே குற்றமில்லை என்று சொன்னபின் நாற்காலியிலிருந்து தீர்ப்பு வழங்க எனக்குத் துணிவில்லை. கயிறு அறுபடுவதற்கு முன் அந்தச் சரிவில் அத்தனை தூரம் ஒருவர் இன்னொருவரை இறக்கிவந்தார் என்பதைத்தான் வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மல்லோரி உச்சியைத் தொட்டாரா, இல்லையா? உச்சியைத் தொட்டதற்கு எது சான்று?

தெரியாது என்பதே நேர்மையான விடை. 1924 ஜூன் 8 அன்று ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் எவரெஸ்டில் முகிலிடையே மேலேறுவதை அதே குழுவைச் சேர்ந்த நோயல் ஓடெல் கண்டதே கடைசி. மல்லோரியின் உடல் 1999இல் 8,100 மீட்டருக்கு மேல் கிடைத்தது. இர்வினின் காலணியும் பாதமும் 2024இல் கீழேயுள்ள பனியாற்றில் கிடைத்தன. அவர்கள் கொண்டுசென்ற புகைப்படக் கருவி கிடைக்கவில்லை. உச்சியில் வைப்பதற்காக எடுத்துச் சென்ற மனைவியின் படம் மல்லோரியின் பையில் இல்லை என்பதைச் சான்றாகக் காட்டும் நூல்களை நான் பொருட்படுத்துவதில்லை.

உச்சி எது என்பதே சில மலைகளில் சிக்கல். நேபாளத்தின் மனாஸ்லுவில் நெடுங்காலமாகப் பலர் முன்னுச்சியிலேயே நின்று திரும்பியது 2021இல் ஆளில்லாச் சிறுவிமானம் எடுத்த படங்களால் ஊரறிந்தது. வேண்டுமென்றே உச்சியைத் தொடாதவர்களும் உண்டு. 1955இல் கஞ்சன்ஜங்காவில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மக்களுக்கு அது புனிதம் என்பதால், தந்த வாக்கைக் காத்துச் சில அடிகள் கீழேயே நின்றுகொண்டார்கள். அவர்களுக்குப் பின் ஏறிய பலரும் அதைப் பின்பற்றினர்.

தமிழில் மலைச் சாகச நூல் என்று எதைச் சொல்வது?

பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாத்தைத்தான் முதலில் சொல்வேன். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வரும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்கிறார். பன்றிக்கு வைத்த கற்பொறி இருக்கும் இடம், பாம்பு பதுங்கும் குழி, பாசி படர்ந்து வழுக்கும் பாறை, தினைப்புனத்தில் யானையை விரட்டக் கானவர் கவணில் எறியும் கல் மரங்களில் பட்டுத் தெறித்து வரும் என்ற எச்சரிக்கை என்று, இன்றைய வழிகாட்டி நூல்களில் இருப்பவை எல்லாம் அதில் உண்டு. நடுவே மலையில் எழும் ஓசைகளின் நீண்ட பட்டியல் வருகிறது. இரண்டாம் கேள்வியில் சொன்ன, சாகசமும் இயற்கையும் பிரியாத எழுத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் பட்டியலையும் உடன் வைத்துப் படியுங்கள்.

நூறு வருடத்துக்கு முந்தைய நூல்களில் உள்ள மலை இன்றும் அப்படியே இருக்குமா?

பாறை இருக்கும், பனி இருக்காது. கிளிமஞ்சாரோவின் பனிப்பரப்பில் 1912இல் இருந்ததில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அந்த நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. 1921இல் மல்லோரி எவரெஸ்டின் வடபுறத்து ரோங்புக் பனியாற்றைப் படமெடுத்த அதே இடத்திலிருந்து டேவிட் பிரெஷியர்ஸ் 2007இல் எடுத்த படத்தில், பனிக் கோபுரங்கள் நின்ற இடம் கற்பள்ளமாகத் தாழ்ந்திருக்கிறது. முன்பு பனியில் நடந்த வழிகள் இன்று தளர்ந்த கற்சரிவுகள். ஆகவே பழைய நூலின் வழிக்குறிப்பை நம்பி யாரும் ஏற வேண்டாம்.

ஆனால் அதே காரணத்தால் அந்த நூல்களுக்கு இன்னொரு பயன் வந்திருக்கிறது. இன்ன நாளில் இன்ன உயரத்தில் பனி தொடங்கியது, இன்ன செடி பூத்திருந்தது என்று போகிறபோக்கில் எழுதிவைத்த வரிகளை இன்றைய ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். சிம்பொராசோவுக்கு 2012இல் சென்ற குழு, ஹம்போல்ட் குறித்த உயரங்களோடு ஒப்பிட்டபோது செடிகளின் எல்லை பல நூறு மீட்டர் மேலேறியிருப்பதாகக் கண்டது. அவருடைய படத்தின் குறிப்புகள் முழுவதும் அதே மலையில் எடுக்கப்பட்டவைதாமா என்ற மறுப்பும் பின்னர் எழுந்தது. பழைய மலை நூலைக் கையில் எடுக்கும்போது, வீரம் ததும்பும் பக்கங்களுக்கு நடுவே வரும் அந்தத் தேதிகளையும் உயரங்களையும் தாண்டிவிடாமல், ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு படியுங்கள்.